ரூபாத் தாளை வாசிப்போம்: மடுல்சீமையிலிருந்து மத்திய வங்கி வரை

எங்கள் ஊவா மாகாணத்துக்கும் நமது சட்டைப்பையில் கிடக்கும் ரூபாத் தாளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். தாள்காசு கொழும்பு விவகாரம், மத்திய வங்கியின் வேலை, செலவழிப்பதைத் தவிர நமக்கு அதில் என்ன பங்கு என்றுதான் நினைப்பார்கள். ஆனால் இந்த நாட்டின் அரசாங்கம் 1885 முதல் நாணயத்தாள் வெளியிடும் உரிமையை ஏன் தன் கையில் எடுத்தது என்று தேடிப் போனால், அந்தப் பாதை பதுளையைத் தாண்டி, பசறையைத் தாண்டி, மடுல்சீமை மலையில் வந்து நிற்கும். 1869 இல் அங்கே கோப்பிச் செடியின் இலையில் தெரிந்த மஞ்சள் பொட்டிலிருந்துதான் அந்தக் கதை தொடங்குகிறது.

நான் பதுளை மாவட்டத்தில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர். என் வகுப்பில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தோட்டத்து லயங்களிலிருந்து வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரே ரூபா ஒரு வீட்டில் மேசை லாச்சிக்குள் வருகிறது, மற்ற வீட்டிலிருந்து அந்த லாச்சிக்குள் போகிறது. இந்த இரண்டு வீட்டாரும் அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாள்காசு என்பது ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதி தளரும்போது நட்டம் யார் தலையில் விழுகிறது?

சல்லியும் வெள்ளிக் கொக்கியும்

நாம் வீட்டில் பணத்தைச் 'சல்லி' என்கிறோம். அது ஒரு காலத்தில் சின்னச் செப்புக்காசின் பெயர். ஊவா கண்டி இராச்சியத்தின் பகுதியாக இருந்த காலத்தில் இங்கு காசின் பாவனை குறைவு. முஸ்லிம் வியாபாரிகள் தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களோடு உப்பு, கருவாடு, துணி கொண்டுவந்து, பாக்கும் மற்றப் பொருட்களும் ஏற்றிச் சென்றார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி பண்டமாற்று.

காசாக இருந்தவற்றுள் ஒன்று தூண்டில் முள் போல வளைத்த வெள்ளிக் கம்பி. பாரசீகத்தின் லார் நகரத்தின் பெயரால் அதை 'லாரின்' என்பார்கள். வளைகுடாவிலிருந்து இந்து சமுத்திர வணிகர்களின் கப்பல்களில் வந்த அந்த வெள்ளிக் காசு, இங்கே கொக்கி வடிவம் எடுத்துப் புழங்கியது. நம் மூதாதையரின் கடல் வணிகம் மலைநாட்டு மடிச்சீலை வரைக்கும் வந்ததற்கு அது ஒரு சாட்சி.

கரையோரத்தில் ஒல்லாந்தர் ரிக்ஸ்டொலர் என்ற கணக்கைப் பாவித்தனர். ஒரு ரிக்ஸ்டொலருக்கு 12 பணம், 48 ஸ்டைவர். ஆங்கிலேயரும் சில காலம் அதையே தொடர்ந்தார்கள். பின்னர் 1825 இல் பவுண், ஷிலிங், பென்ஸ் முறையை இலங்கையின் சட்டபூர்வ நாணயமாக்கினார்கள். ஆக, 1815 இல் கண்டியோடு சேர்ந்து ஆங்கிலேயர் கைக்குப் போன ஊவாவுக்கு, பத்தே வருடங்களில் இலண்டனின் நாணயமும் வந்து சேர்ந்தது. ஆனால் அது மலையில் வேர் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் கோப்பி.

ரூபா நடந்து வந்த பாதை

ரூபா என்ற பெயரில் வெள்ளிக் காசை நிலைநிறுத்தியவர் 16ஆம் நூற்றாண்டில் டில்லியை ஆண்ட ஷேர் ஷா சூரி. முகலாயர் அதைத் தொடர்ந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பனி 1835 இல் அதை 11.66 கிராம் எடையுள்ள ஒரே தரமான காசாக்கி இந்தியா முழுவதற்கும் பொதுவாக்கியது. அந்தக் காசின் பெறுமதி அதில் இருந்த வெள்ளியிலேயே இருந்தது. அதை ஏற்றுக்கொள்ள எந்த அரசாங்கத்தையும் நம்பத் தேவையில்லை, தராசு இருந்தால் போதும்.

கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிக்கு வேண்டியது இந்தக் காசுதான். ஊருக்குத் திரும்பும்போது மடியில் முடிந்து கொண்டுபோனால் அங்கே செல்ல வேண்டும். ஷிலிங்கைக் கொண்டுபோய் இராமநாதபுரத்துக் கிராமத்தில் என்ன செய்வது? ஆகவே தோட்டக்காரர்கள் இந்தியாவிலிருந்து வெள்ளி ரூபாவைத் தருவித்துச் சம்பளம் கொடுத்தார்கள். ஏட்டுக் கணக்கு பவுணில் இருந்தது, கையில் புழங்கியது ரூபா. கடைசியில் ஏடுதான் கைக்குப் பணிந்தது. 1869 இல் இந்திய ரூபா இலங்கையின் நியம நாணயமாக்கப்பட்டது. 1872 ஜனவரி 1 முதல் ஒரு ரூபாவுக்கு 100 சதம் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. இந்தியா அணாவையும் பைசாவையும் விட்டு நூறு கணக்குக்கு மாறியது 1957 இல்தான். அந்த வகையில் நாம் 85 வருடம் முந்தியவர்கள்.

இதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வதுண்டு. இந்த நாட்டின் நாணயத்துக்கு ரூபா என்று பெயர் வந்ததில் தோட்டத் தொழிலாளிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்து வந்த அந்த மனிதர்களின் தேவையும் சேர்ந்துதான் ஒரு குடியேற்ற அரசாங்கத்தின் நாணயத்தை மாற்றியது.

அந்த வருடங்களில் வெளிவந்த செப்புச் சதக் காசுகளில் ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. மறுபக்கம் பனையினத்து மரம் ஒன்று, அதன் இரு புறமும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி. நமது காசில் தமிழ் எழுத்து அன்றே இருந்தது.

மஞ்சள் பொட்டும் மூடிய வங்கியும்

ரூபா நியமமான அதே 1869 இல்தான் மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகத் தூள் படிந்த பொட்டுகள் தெரிந்தன. அது ஒரு பூஞ்சண நோய். ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 'நாசமாக்குவது' என்பதே அந்தப் பெயரின் பின்பாதியின் பொருள். முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கோப்பி விலை நன்றாக இருந்ததால் மேலும் மேலும் காடழித்து நட்டார்கள். நோயோ காற்றோடும் மழையோடும் மலைக்கு மலை தாவியது. 1880களின் நடுப்பகுதியில் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரம் படுத்துவிட்டது.

அன்று நாணயத்தாள்களை வெளியிட்டவை தனியார் வங்கிகள். தாளைக் கொண்டுபோய் நீட்டினால் வெள்ளி ரூபா தருவோம் என்பது அவற்றின் வாக்குறுதி. அவற்றில் பெரியது ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்ததும் அதுதான், ஊரெல்லாம் புழங்கிய தாள்களை அச்சடித்துவிட்டதும் அதுதான். கோப்பி வீழ்ந்ததும் கொடுத்த கடன் திரும்பவில்லை. 1884 மே 3ஆம் திகதி அந்த வங்கி கதவைச் சாத்தியது.

ஒரு நிமிடம் கற்பனை செய்து பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் தாள் நேற்றுவரை பத்து ரூபா. இன்று அது வெறும் கடதாசி. கடைக்காரர் வாங்க மாட்டார், மற்ற வங்கிகளும் வாங்காது. அப்போதைய தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் துணிந்து ஒரு முடிவெடுத்தார். அந்த வங்கியின் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். பீதி தணிந்தது.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 1884ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கக் கடதாசி நாணயக் கட்டளைச் சட்டம். இனித் தாள் வெளியிடுவது அரசாங்கத்தின் வேலை, அதற்கு நாணய ஆணையாளர்கள் பொறுப்பு என்றாயிற்று. 1885 முதல் இலங்கை அரசாங்கத்தின் தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. இலையில் இருந்த பொட்டு, வீழ்ந்த தோட்டம், மூடிய வங்கி, அரசாங்கத் தாள் என்று அந்தச் சங்கிலியின் முதற் கண்ணி நமது மாவட்டத்தில் இருக்கிறது.

தாளுக்கு உத்தரவாதம், கூலிக்கு?

இங்கேதான் நான் முன்பு சொன்ன கேள்வி வருகிறது. 1884 இல் தாள் வைத்திருந்தவர் காப்பாற்றப்பட்டார். தாளே கையில் வராதவர்? கோப்பி நொடிந்த அந்த வருடங்களில் பல தோட்டங்களில் தொழிலாளரின் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. அவர்கள் கையில் இருந்தது வங்கித் தாள் அல்ல, செக்றோலில் விழுந்த பேர் மட்டுமே. அதற்கு எந்தத் தேசாதிபதியும் உடனே பொறுப்பேற்கவில்லை. மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வகுத்தது 1889 இல், 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம். 60 நாள் தாமதம் என்பதே அன்று முன்னேற்றமாக இருந்தது என்றால் அதற்கு முந்திய நிலையை நாம் ஊகிக்கலாம்.

தோட்டத்தில் இன்னொரு கடதாசியும் புழங்கியது. அதன் பெயர் 'துண்டு'. இந்தத் தொழிலாளியின் கடன் இவ்வளவு, இதைக் கட்டுபவருக்கு இவரை விடுவிக்கத் தயார் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கரையிலிருந்து வரும்போது வாங்கிய முற்பணமும் அதன் மேல் ஏறியவையும் அந்தக் கடனில் அடங்கும். காசுத்தாளில் அரசாங்கம் மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. துண்டுக் கடதாசியில் மனிதன் கடன்பட்டிருந்தான், கடதாசியோடு சேர்த்து அவனும் கை மாறினான். 1921 இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

எனது வாப்பா தோட்டத்துப் பஸாரில் கடை வைத்திருந்தவர். அவரது காலத்திலும் ரூபா மாதத்தில் ஒரு தடவைதான் அங்கே தலைகாட்டும். சம்பளம் போடும் பத்தாம் திகதி கடை நிறைந்து வழியும். மற்ற நாட்களில் எல்லாம் கடன் கொப்பிதான். அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் என்று வரிவரியாக எழுதி, அடுத்த பத்தாம் திகதி வெட்டுவார். அந்தக் கொப்பியும் ஒரு வகைக் கடதாசி நாணயம்தான். அரசாங்க முத்திரை இல்லை, இரு தரப்புக்கும் இடையில் இருந்த அமானிதம் மட்டுமே அதற்குப் பிணை. அந்தக் கொப்பிகளைப் பார்த்து வளர்ந்ததால்தான் எனக்குக் காசின் வரலாற்றில் ஆர்வம் வந்தது.

தாளில் யாருடைய முகம்?

இனித் தாளின் தோற்றத்துக்கு வருவோம். நாணயத்தாளில் யாரை அச்சிடுகிறார்கள் என்பது அந்தக் காலத்தில் யார் ஆள்கிறார்கள், அவர்கள் நாட்டை எப்படிக் காட்ட விரும்புகிறார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

ஆங்கிலேயர் காலத்தில் ஒரு ரூபா, இரண்டு ரூபாத் தாள்கள் 1917 இல் வந்தன. உலகப் போரால் வெள்ளிக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டைத் தாளால் ஈடு செய்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது 1942 இல் சில்லறைக்கே உலோகம் இல்லாமல் சதங்களும் தாளாயின. அதில் ஒன்று 5 சதத் தாள். நடுவில் துளையிட்ட கோடு, ஒரு பாதி 2 சதம், மறு பாதி 3 சதம். முத்திரையைக் கிழிப்பது போலக் கிழித்துச் சில்லறை கொடுக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பின் 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின் கீழ் 1950 ஆகஸ்ட் 28 இல் மத்திய வங்கி தொடங்கப்பட்டது. அதன் முதலாவது ஆளுநர் அமெரிக்கரான ஜோன் எக்ஸ்டர். அன்று ஓர் அமெரிக்க டொலருக்கு 4 ரூபா 76 சதம். மத்திய வங்கியின் முதல் தாள்கள் 1951 இல் வந்தபோது அவற்றில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர், அடுத்து எலிசபெத் மகாராணி. 1956 இல் முடிக்குரிய உருவம் போய் அரச இலச்சினை வந்தது. 1960களில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் உருவம், பிறகு முதலாம் பராக்கிரமபாகு மன்னரின் உருவம். 1979 இல் தலைவர்கள் எல்லோரும் இறங்கி, முழு வரிசையும் பறவை, விலங்கு, மீன், செடிகொடிகளுக்கு விடப்பட்டது. இந்த நாட்டின் மிக அழகான தாள்கள் அவை என்பது என் கருத்து. அதற்குப் பிறகு ஆட்சியில் இருக்கும் தலைவர் ஒருவரின் உருவம் தாளில் வந்தது 2009 இல் போர் முடிவை ஒட்டி வெளியிட்ட 1000 ரூபாவில்தான்.

எத்தனை ஆட்சி மாறினாலும் ஒன்று மாறவில்லை. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோதும், அதற்குப் பின்வந்த கசப்பான வருடங்களிலும், நமது தாளிலிருந்தும் காசிலிருந்தும் தமிழ் எடுக்கப்படவில்லை. அரச அலுவலகத்தில் தமிழில் படிவம் கிடைக்காமல் அலைந்த மனிதரின் சட்டைப்பையிலும் தமிழில் பெறுமதி எழுதிய தாள் இருந்தது.

2018 இல் சுதந்திரத்தின் 70ஆவது ஆண்டை ஒட்டி வெளியான 1000 ரூபா நினைவுத் தாளில் விகாரை, கோவில், பள்ளிவாசல், தேவாலயம் நான்கும் ஒன்றாக இடம்பெற்றன. அது கையில் வந்தால் செலவழித்துவிடாமல் பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள்.

கொழுந்து பறிக்கும் பெண்

1991 இல் வந்த தாள் வரிசையில் 100 ரூபாவை எங்கள் தலைமுறை நன்றாக அறியும். முன்பக்கம் அலங்காரக் கலசம். பின்பக்கத்தை நெடுக்காகத் திருப்பிப் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கொழுந்து பறிக்கும் பெண்கள், கீழே இரண்டு கிளிகள்.

ஒரு தடவை வகுப்பில் இந்தத் தாளைச் சுற்றக் கொடுத்தேன். பின்வரிசையில் இருந்த மாணவி நெடுநேரம் பார்த்துவிட்டு, "சேர், எங்க அம்மாவும் இப்படித்தான் நிப்பாங்க" என்றாள். பக்கத்தில் இருந்த பையன் உடனே கேட்டான், "அப்ப ஏன் சேர் இப்ப உள்ள நூறு ரூபாவில இவங்க இல்ல?"

நல்ல கேள்வி. 2011 பெப்ரவரி 4 இல் வெளியான இப்போதைய வரிசையின் தொனிப்பொருள் அபிவிருத்தி, சுபீட்சம், இலங்கையின் நடனங்கள். 20 ரூபாவில் கொழும்புத் துறைமுகம், 50 இல் மனம்பிட்டிய பாலங்கள், 500 இல் கொழும்பு உலக வர்த்தக மையம். 100 ரூபாவில் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் லக்சபான நீர்வீழ்ச்சியும். 1000 ரூபாவில் றம்பொடைச் சுரங்கப் பாதை. பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை ஊடாகச் செங்கலடி போகும் ஏ5 வீதியில் இருப்பதுதான் அது.

ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதே 100 ரூபாவைத் திருப்பினால் பரதநாட்டியக் கலைஞரும் மிருதங்கக் கலைஞரும் இருக்கிறார்கள். தமிழரின் கலைக்கு அது ஒரு மரியாதை. ஆனால் உழைக்கும் பெண் தாளை விட்டு இறங்கி, அந்த இடத்துக்குக் கட்டடமும் இயந்திரமும் ஏறின. பாலமும் சுரங்கமும் அபிவிருத்தி என்றால், தலைமுறை தலைமுறையாக அந்நியச் செலாவணி தேடித் தந்த கை அபிவிருத்தி இல்லையா? அந்தப் பையனுக்கு நான் இதைத்தான் சொன்னேன். அடுத்த வரிசை வரையப்படும்போது இந்தக் கேள்வியைக் கேட்கும் வயதில் நீங்கள் இருப்பீர்கள் என்றும் சொன்னேன்.

தாளைத் தொட்டுப் பாருங்கள்

வரலாற்றோடு கைக்கு உதவும் விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். சந்தையிலும் தோட்டத்துப் பஸாரிலும் கள்ள நோட்டில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் அவசரத்தில் இருப்பவர்களும்தான்.

முதலில் தடவுங்கள். நல்ல தாளில் எழுத்தும் முக்கிய படங்களும் விரலுக்குத் தட்டுப்படும்படி உயர்ந்து அச்சாகியிருக்கும். பார்வையற்றோர் பெறுமதியை அறியத் தனியாகப் புள்ளிகளும் உண்டு. அடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முன்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அதே பறவை கடதாசிக்கு உள்ளே நிழலாகத் தெரியும். அதைத்தான் நீரடையாளம் என்கிறார்கள். அது மையால் வரைந்ததல்ல, கடதாசி செய்யும்போதே அதன் தடிப்பைக் கூட்டிக் குறைத்து உண்டாக்குவது. ஆகவே போட்டோப் பிரதி இயந்திரத்தால் அதை உண்டாக்க முடியாது. பெரிய தாள்களில் நூல் ஒன்று கடதாசிக்குள் மறைந்தும் வெளிப்பட்டும் ஓடும். தாளைச் சரித்தால் அது நிறம் மாறிப் பளபளக்கும்.

அளவும் ஒரு அடையாளம். எல்லாத் தாளின் அகலமும் 67 மில்லிமீற்றர்தான். பெறுமதி ஒரு படி ஏறினால் நீளம் 5 மில்லிமீற்றர் ஏறும். 20 ரூபா 128 மில்லிமீற்றர், 5000 ரூபா 153 மில்லிமீற்றர். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் படிக்கட்டு போலத் தெரியும்.

பறவைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 5000 ரூபாவில் இருக்கும் மஞ்சள் காதுச் சின்னான் இலங்கையின் மலைநாட்டில் மட்டும் வாழ்வது. ஒஹிய பக்கம் போனால் நேரிலேயே காணலாம். 20 ரூபாவில் இருக்கும் சின்ன ஆந்தை 2001 இல்தான் அறிவியலாளர் கண்ணில் பட்டது. இந்தத் தாள்கள் அச்சாவதும் தூரத்தில் அல்ல. மல்வானையில் இருக்கும் டி லா றூ லங்கா அச்சகத்தில்தான்.

ஆயிரம் ரூபாவுக்கு என்ன நடந்தது?

நாட்சம்பளமாக ஆயிரம் ரூபா வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் வருடக்கணக்கில் போராடியது நாமறிந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் அது கிடைத்தது. றம்பொடைச் சுரங்கப் பாதை போட்ட ஒரு பச்சைத் தாள், ஒரு நாள் உழைப்பு. அன்று டொலருக்குச் சுமார் 200 ரூபா என்ற கணக்கில் அது 5 டொலர்.

ஒரு வருடம் கழிந்து, 2022 மார்ச்சில் ரூபாவின் பிடி விடப்பட்டது. மே மாதமளவில் டொலர் 360 ரூபா. அதே ஆயிரம் ரூபா மூன்று டொலருக்கும் குறைவாகிவிட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். முந்திய வருடம் ஆயிரத்துக்கு வாங்கிய சாமானுக்கு ஆயிரத்து எழுநூறு தேவைப்பட்டது. தாளில் ஒன்றும் மாறவில்லை. அதே சுரங்கம், அதே பறவை, அதே நீளம். ஆனால் உள்ளே இருந்த வாக்குறுதி பாதியளவுக்குக் கரைந்திருந்தது. நாட்சம்பளத்தை 1350 ரூபாவாக உயர்த்தும் வர்த்தமானி வந்தது 2024 செப்டெம்பரில்தான்.

1884 இல் வங்கி கதவைச் சாத்தியது, எல்லோருக்கும் தெரிந்தது. 2022 இல் எந்தக் கதவும் சாத்தப்படவில்லை. ஆகவே யாரும் பொறுப்பேற்கவும் இல்லை. காணியும் நகையும் வைத்திருந்தவருக்கு அவற்றின் விலையும் சேர்ந்து ஏறியது. அரிசி டின்னுக்குள்ளும் தலையணைக்குள்ளும் தாளாகச் சேர்த்து வைத்தவர்தான் முழுதாக இழந்தார். லயத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், பதுளை நகரில் சின்னக் கடை வைத்திருந்தவர்களிலும் இருந்தார்கள்.

ஸகாத்தின் நிஸாப் எந்த நாட்டு நாணயத்திலும் சொல்லப்படவில்லை, பொன்னின் எடையிலும் வெள்ளியின் எடையிலும் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை நாம் அறிவோம். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் அதன் ரூபாப் பெறுமதியைப் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது. எடை நிற்கிறது, ரூபா நகர்கிறது. கூலி கொடுப்பவர்களும் இதே பார்வையோடு கணக்குப் பார்த்தால் நல்லது. சென்ற வருடத்துத் தொகையையே இந்த வருடமும் கொடுப்பது, விலை ஏறிய நாட்டில், கூலியைக் குறைப்பதுதான். இது தோட்டக் கம்பனிக்கு மட்டும் சொல்வதல்ல. நமது கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் சம்பளத்துக்கும் பொருந்தும்.

நாம் செய்யக்கூடியவை

தாளில் எழுதுவதையும் கிறுக்குவதையும் நிறுத்துவோம். வேண்டுமென்று தாளைச் சிதைப்பது சட்டப்படி குற்றம். அப்படிச் சிதைத்த தாளை மாற்றிக் கொடுப்பதில்லை என்று மத்திய வங்கி 2017 டிசம்பர் 31 ஐ இறுதித் திகதியாக அறிவித்தது. பாவனையில் நைந்துபோன தாள் வேறு. அதை வங்கியில் மாற்றலாம். கடைக்காரர்கள் கிழிசல் தாளைத் தோட்டத்து ஆச்சிமார் கையில் தள்ளிவிடாமல், தாங்களே வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கல்விச் சுற்றுலாவில் கொழும்புக்குப் போகும் பாடசாலைகள் கோட்டை சதாம் வீதியில் உள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் இங்கே சொன்னவற்றுள் பலவற்றை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கங்களில் தலைமுறையாகக் கடை நடத்திய குடும்பங்கள் பல. உங்கள் பரண்களில் பழைய கணக்குக் கொப்பிகள் கிடக்கலாம். எந்த வருடத்தில் அரிசி என்ன விலை, மாவு என்ன விலை, ஒரு மாதச் சம்பளத்தில் கடன் போக மிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. ஒரு ரூபாவுக்கு நமது ஊரில் என்ன கிடைத்தது என்பதை எந்த அருங்காட்சியகமும் நமக்காக எழுதி வைக்கவில்லை. பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். கடன்காரரின் பெயர்களை மறைத்துவிட்டு, பக்கத்துப் பாடசாலையின் வரலாற்று ஆசிரியரிடம் கொடுங்கள். பிள்ளைகள் அதிலிருந்து கணக்கும் படிப்பார்கள், தங்கள் பாட்டன்மார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் படிப்பார்கள்.